டிராஃப்ட்கிங்ஸ் பேஸ்பால்: ஆரன் ஜட்ஜை எடுத்தால் மீதிக்குக் காசில்லை, எப்படிப் பிரிப்பது?

எடிசன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரில் இருந்தபோது ட்ரீம்11-இல் கிரிக்கெட் டீம் போட்டுப் பழகியவன் நான். இப்போது நியூ ஜெர்சியில் ஆபீஸ் கும்பலோடு சேர்ந்து டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில் தினசரி பேஸ்பால் டீம் போட்டு ஆடுகிறேன். பெரிய தொகை எல்லாம் இல்லை, டபுள்-அப்பில் (ஜெயித்தால் போட்ட காசு இரட்டிப்பாகும் போட்டி) ஒரு டாலர், இரண்டு டாலர்.

கிரிக்கெட்டில் ஃபார்மில் இருக்கிறவரைக் கேப்டனாகப் போட்டால் இரண்டு மடங்கு புள்ளி வந்துவிடும், பாதி வேலை முடிந்தது. இங்கே கேப்டனே கிடையாது. 50,000 டாலர் (கற்பனைக் காசுதான்) சம்பள வரம்புக்குள் இரண்டு பிட்சர் (பந்து போடுகிறவர்), எட்டு பேட்டர் எடுக்க வேண்டும். பெரிய நட்சத்திரங்களான ஆரன் ஜட்ஜையும் ஓட்டானியையும் வாங்கியதும் கையில் இருப்பது சில்லறைதான். மீதி இடங்களில் நான் பெயரே கேள்விப்படாத ஆட்கள்.

காசை பிட்சரில் கொட்டுவதா, பேட்டரிலா? அப்புறம், கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரே அணியில் நாலைந்து பேரை எடு என்கிறார். அந்த அணி ஒரு ரன்கூட எடுக்காவிட்டால் மொத்தமும் போச்சே? நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீம் போட்டு வைத்துவிடுகிறேன், ஆட்டம் தொடங்குவது மாலை 7:05-க்கு. அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

சிகாகோ மழை:
கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில். சிக்கல் உண்டு. யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால்தான் வரும். 162 ஆட்டம் உள்ள சீசனில் எல்லாருக்கும் ஓய்வு கொடுப்பார்கள், அதிலும் கேட்சருக்கு (நம் விக்கெட் கீப்பர் மாதிரி). ராத்திரி ஆட்டம் முடிந்து மறுநாள் பகல் ஆட்டம் என்றால் முதல் கேட்சர் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் வானிலை. ஆட்டம் தள்ளிப்போனால் உங்கள் ஆளுக்கு அன்றைக்குப் பூஜ்யம். நடுவில் மழை வந்து ஆட்டம் ஒரு மணி நேரம் நின்றுபோனால், பிட்சரைப் பெரும்பாலும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். எங்கள் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஏரிப் பக்கமிருந்து உள்ளே அடித்தால் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஆக வேண்டிய பந்து ஃபீல்டர் கையில் விழும்.

டென்வர்வாசி:
தம்பி, ஆளைப் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். ஜட்ஜ் எவ்வளவு பெரிய ஆள் என்பது விலையிலேயே ஏற்றியாகிவிட்டது. நீங்கள் தேட வேண்டியது விலையில் இன்னும் ஏறாததை: இன்று எதிரே பந்து போடுவது யார், எந்தக் கையால், எந்த மைதானம், நம் ஆள் எத்தனையாவதாக இறங்குகிறார்.

முதலில் பிட்சர். டபுள்-அப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜெயிக்கிறார்கள், உச்சத்துக்குப் போகத் தேவையில்லை. அதனால் நம்பகமான இடத்தில்தான் காசைப் போட வேண்டும். பேட்டர் எவ்வளவு பெரிய ஆளானாலும் நாலு தடவை இறங்கி நாலு தடவையும் அவுட் ஆகிற நாள் வரும். நல்ல பிட்சர் அவ்வளவு லேசில் கைவிட மாட்டார். அவரிடம் பார்க்க வேண்டியது ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்குவது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 6 இன்னிங்ஸ் போட்டு 8 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, 2 ரன், 5 ஹிட் (பேட்டர் அடித்துப் பேஸுக்குப் போவது), 1 வாக் (தவறான நாலு பந்தால் சும்மா பேஸுக்குப் போவது) கொடுக்கிறார். அணி தோற்றதால் வெற்றி அவர் கணக்கில் சேரவில்லை. டிராஃப்ட்கிங்ஸ் புள்ளிமுறையில் 21.9 வரும். இன்னொருவர் 7 இன்னிங்ஸ் போட்டு 3 ஸ்ட்ரைக் அவுட், 2 ரன், 6 ஹிட், 1 வாக், வெற்றியும் அவருக்கே. ஆனால் 17.55-தான். பேப்பரில் பாராட்டு வாங்குவது இரண்டாமவர், நமக்குச் சோறு போடுவது முதலாமவர். இரண்டு பிட்சருக்கும் சேர்த்து 18,000 போனாலும் எட்டுப் பேட்டருக்குத் தலைக்கு 4,000 மிஞ்சும். தாராளம்.

பேட்டரில் நான் முதலில் பார்ப்பது வரிசை. முதலாவதாக இறங்குகிறவருக்கு ஒன்பதாவது ஆளைவிட ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வாய்ப்பு அதிகம். விலை குறைந்த ஒருவர், வழக்கமாக ஏழாவது எட்டாவதில் இறங்குகிறவர், யாரோ காயம்பட்டதால் இன்றைக்கு இரண்டாவதாக இறங்குகிறார் என்றால் பட்டியல் வந்த உடனே அவரைத் தூக்கிப் போடுங்கள். விலை நேற்றே வைத்தது, அதை இனி மாற்ற மாட்டார்கள். மதியமே டீம் போட்டு வைக்கிறவர்களுக்கு இந்த லாபம் கிடைக்காது.

அடுத்தது கை. வலக்கைப் பிட்சருக்கு எதிரே இடக்கை பேட்டர், இடக்கைப் பிட்சருக்கு எதிரே வலக்கை பேட்டர். இது பேஸ்பாலில் நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி, ஆனாலும் பாதிப் பேர் பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்து யாங்கீ ஸ்டேடியத்தில் பேட்டர் நிற்கிற இடத்திலிருந்து வலது மூலைக் கம்பம் 314 அடிதான், இடக்கைக்காரர்களுக்கு அது இன்னொரு சலுகை.

இனி எங்கள் ஊர். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரம். மேல் தளத்தில் ஒரே ஒரு வரிசை நாற்காலிக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள், சரியாக ஒரு மைல் உயரம் அது. நான் சீட்டு வாங்குவது பெரும்பாலும் அதற்கும் மேலேதான், விலை குறைவு. காற்று மெலிசு, அதனால் பந்து தூரம் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வளைந்து விழ வேண்டிய பந்து சரியாக வளையாது என்பதுதான் பிட்சர்களைக் கொல்கிறது. அதோடு ஹோம் ரனைக் குறைக்க மைதானத்தை அகலமாகக் கட்டிவிட்டார்கள், அந்த இடைவெளியில் டபுளும் ட்ரிபிளும் (ஒரே அடியில் இரண்டு, மூன்று பேஸ்) விழுந்துகொண்டே இருக்கும். 2002-லிருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள், கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். அதனால் இங்கே பலசாலி மட்டுமல்ல, ஓடத் தெரிந்த சாதாரண பேட்டரும் புள்ளி எடுப்பார். இங்கே வருகிற வெளியூர் அணியைத்தான் எனக்குப் பிடிக்கும்: ஒன்பதாவது இன்னிங்ஸும் அவர்களுக்கு நிச்சயம். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் தன் ஒன்பதாவதை ஆடவே ஆடாது.

ஒரே அணியில் நாலைந்து பேர் ஏன் என்று கேட்டீர்கள். 2023 ஜூன் 24, ஏஞ்சல்ஸ் அணி இங்கே வந்து எங்கள் ராக்கீஸை 25-1 என்று அடித்த ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் 13 ரன், அதில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று ஹோம் ரன். ஒருவர் பேஸில் நிற்க அடுத்தவர் அடித்தால் இரண்டு பேருக்கும் புள்ளி. யாருமில்லாதபோது அடித்த ஹோம் ரனுக்கு 14, இரண்டு பேர் நிற்கும்போது அடித்தால் அவருக்கு 18, ஓடி வந்த இருவருக்கும் தலைக்கு 2. ஆகவே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களாக எடுங்கள். ஒருவர் இரண்டாவது, மற்றவர் எட்டாவது என்று சிதறினால் பெயருக்குத்தான் ஸ்டேக் (இப்படி ஒரே அணியில் பலரை எடுப்பது). இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அப்போது ஏஞ்சல்ஸில் இருந்த ஓட்டானி அன்றைக்கு ஏழு தடவை இறங்கி ஒரே ஒரு ஹிட். ஐந்தைந்து ஹிட் எடுத்தவர்கள் ரென்ஃப்ரோவும் மோனியாக்கும்.

ரெட்மண்ட் ராத்திரி:
டென்வர் அண்ணன் சொல்வதில் ஒரு திருத்தம். ஐந்து பேர் ஸ்டேக் எல்லாம் ஆயிரக்கணக்கானவர்களோடு மோதுகிற பெரிய டோர்னமெண்டுக்கு. அங்கே மேலே இருக்கிற சிலருக்குத்தான் பெரிய பணம், அதனால் எல்லாம் ஒன்றாக விழுகிற நாள் வேண்டும். டபுள்-அப்பில் இரண்டு அணிகளில் மும்மூன்று பேர் எடுத்தால் போதும், ராத்திரி தூக்கம் வரும். அப்புறம் கூர்ஸ் பேட்டர்களை எல்லாருமே எடுப்பார்கள், விலையும் ஏறி நிற்கும். டோர்னமெண்டில் அவர்களைத் தவிர்த்துவிட்டு வேறு ஆட்டத்தில் ஸ்டேக் போட்டால்தான் தனித்து நிற்க முடியும். பிட்சர் வேண்டுமானால் எங்கள் சியாட்டில் மைதானத்துக்கு வாருங்கள், பந்து பறக்கவே பறக்காது.

வாஷிங்டன் மாநிலத்தில் காசு வைத்து ஆட அனுமதி இல்லை, நான் இலவசப் போட்டியில்தான் ஆடுகிறேன். ஆகவே என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்போ கொடுங்கள்.

எடிசன்காரன்:
அண்ணே, ரொம்ப நன்றி. எந்த அணி ரன் குவிக்கும் என்று முன்கூட்டியே எதை வைத்துப் பிடிப்பது? சமீபத்திய ஐந்து ஆட்டத்தைப் பார்க்கலாமா?

டென்வர்வாசி:
ஐந்து ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது, இருபது முறை இறங்கியிருப்பார், அதிர்ஷ்டம்தான் அதிகம். பந்தயக்காரர்கள் போடுகிற மொத்த ரன் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 9, ஒரு அணிக்கு ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்றால் அதன் பங்கு 5 பக்கம் வரும். அப்படி 5-ஐத் தொடுகிற அணிகளைக் குறித்துக்கொண்டு, அதில் விலை ஏறாதது எது என்று தேடுங்கள். பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள் என்பது பேஸ்பால் சேவன்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், 95 மைல் வேகத்துக்கு மேல் அடிக்கடி அடிக்கிறவர் இந்த வாரம் ஹிட் எடுக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. ரெட்மண்ட் சொன்ன மும்மூன்று யோசனை உங்கள் ஒரு டாலர் ஆட்டத்துக்குச் சரியானது, அதையே பிடியுங்கள்.

மதியம் டீம் போடுவதைத் தொடரலாம், ஆனால் 6:30-க்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். கலிஃபோர்னியா ஆட்டங்கள் உங்களுக்கு 10 மணி வாக்கில்தான் தொடங்கும், அவற்றில் இருப்பவர்களை அதுவரைக்கும் மாற்றலாம். ஓட்டானியையும் அங்கேதான் கடைசியாக முடிவு செய்வேன், மீதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு.