கம்பெனி விசாவா, ஃப்ரீ விசாவா: துபாய் செல்லுமுன் எதைத் தேர்வது?

கீழக்கரைவாசி
அஸ்ஸலாமு அலைக்கும். நான் பி.காம். முடித்து ராமநாதபுரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி வருகிறேன். துபாயில் ஒரு நிறுவனம் 4,500 திர்ஹம் சம்பளத்தில் கம்பெனி விசா தருவதாகச் சொல்கிறது. உள்ளூர் முகவர் ஒருவரோ, அதில் போனால் ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொள்ள நேரும் என்றும், ஃப்ரீ விசா எடுத்தால் விரும்பிய இடத்தில் வேலை பார்க்கலாம் என்றும் கூறி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். மனைவியையும் மகளையும் விரைவில் அழைத்துக்கொள்ள வேண்டும். உம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாததால் இடையில் சில மாதங்கள் ஊரில் தங்கவும் நேரலாம். எது பொருத்தம்?

பெரியபட்டினத்தார், துபாய்
வஅலைக்கும் ஸலாம், தம்பி. ஃப்ரீ விசா என்றொரு வகை அமீரகச் சட்டத்திலேயே கிடையாது. ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் விசா அடித்துக் கொடுத்துவிட்டு, வேலையை வேறெங்காவது தேடிக்கொள்ளச் சொல்வதற்கு முகவர்கள் வைத்த பெயர் அது. அனுமதியின்றி வேறிடத்தில் வேலை பார்ப்பது குற்றம். உண்மையில் வேலை வாங்குகிறவர் சம்பளம் தராமல் போனால், அவருடைய பெயரில் தொழிலாளர் ஒப்பந்தம் எதுவும் உங்கள் கையில் இருக்காது.

ஒரே முதலாளியிடம் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சமும் இப்போது தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் கண்டபடி 30 முதல் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது; ஆகவே அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விசாவுக்கு முதலாளியைச் சாராமலே 5 ஆண்டு தங்க கிரீன் விசா உண்டு. ஆனால் பட்டம் பெற்ற பணியாளருக்கு மாதம் 15,000 திர்ஹம் சம்பளமும், தனித்தொழில் செய்பவருக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 3,60,000 திர்ஹம் வருமானமும் தேவை. இன்றைய நிலையில் அது உங்களுக்குப் பொருந்தாது.

ஏர்வாடி லாத்தா, அபுதாபி
குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமும் என்பதோ போதும். அந்தத் தொகை வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைவிட, நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது திருமணச் சான்றிதழில்தான். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடு மட்டும் இருந்தால் போதாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழை மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மேலொப்பம் வாங்கி, பிறகு அமீரக வெளியுறவு அமைச்சகத்திலும் முத்திரை பெற வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே வழிதான். நீங்கள் ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டால் பிறகு யாரையும் அலையவிட வேண்டியிருக்காது.

உம்மாவைக் கவனிக்க வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால், கம்பெனி விசாவிலான தங்கும் உரிமை காலாவதியாகிவிடும்.

தங்கச்சிமடத்துக்காரர்
இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டு, வெளிநாட்டு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் அனுமதி தேவைப்படும் (ECR) வகையில் சேரும். அவர்கள் வேலைக்காக விசிட் விசாவில் ஏறிப்போவது, வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையப் பதிவு தரும் பாதுகாப்பைத் தாமே விட்டுவிடுவதாகும். படகு வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

கீழக்கரைவாசி
பெரியபட்டினத்துக் காக்காவுக்கும் ஏர்வாடி லாத்தாவுக்கும் தங்கச்சிமடத்து அண்ணனுக்கும் மிக்க நன்றி. முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பளத்தைப் பிரித்து எழுதிய ஒப்பந்த நகலை நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். எங்கள் திருமணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே பதிவாகியிருப்பதால், இந்த வாரமே சான்றிதழ்களை மேலொப்பத்துக்கு அனுப்புகிறேன்.