ரக்பி வீரரின் சிறப்புரையில் ஒரே கதையை இருமுறை கேட்டேன்

பதிவு 1

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு முன்னாள் சர்வதேச ரக்பி வீரர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். ஹூக்கராக, அதாவது இரு அணியினரும் தோள் கோத்துத் தலை குனிந்து தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையின் நடுவில் நின்று ஆடியவர் என்று சொன்னால் இங்குள்ளவர்களுக்குப் போதும். தம் நாட்டுக்காக முதன்முதலில் களமிறங்கிய நாளைப் பற்றிப் பேசினார். தேசிய கீதம் ஒலித்தபோது பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்ததையும், குனிந்தால் அழுகை வந்துவிடும் என்று அஞ்சி அப்படியே விறைத்து நின்றதையும் அவர் சொல்லி முடித்தபோது அரங்கமே கைதட்டியது. பிறகு காயங்களைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் பேசினார். கால் மணி நேரம் போயிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தவர், அதே நாளை அதே சொற்களில், முன்பு நிறுத்திய இடங்களிலேயே நிறுத்தி, மீண்டும் சொல்லத் தொடங்கினார். வேடிக்கைக்காகச் செய்கிறார் என்று நினைத்து முன்வரிசை சிரித்தது, நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் எங்களைப் பார்த்தவர், உள்ளங்கையில் வைத்திருந்த சிறு அட்டையைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அதிலிருந்த வரிகளின் மேல் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன், தமக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்திருப்பதாகவும் அந்த வெற்றியே தம் நினைவில் இல்லை என்றும் 2020 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் சிரித்தேனே என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

பதிவு 2

நான் கேட்ட வேறோர் உரையில் விருந்தினர், நாட்டுக்காக ஆடியதற்கு அடையாளமாகத் தமக்கு வழங்கப்பட்ட தொப்பியைக் கொண்டுவந்திருந்தார். குஞ்சம் வைத்த அந்த வெல்வெட் தொப்பியை அவர் ஒரு சிறுமியிடம் கொடுத்தபோது, அவள் அதைத் தலையில் வைக்காமல் இரு கைகளிலும் ஏந்தி, அடுத்தவரிடம் கொடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நினைவில் நிற்பது அதுதான்.

ஆனால் முதல் பதிவுக்கு ஒரு மறுப்பு உண்டு. மேடைக்கு மேடை ஒரே கதையைச் சொல்லி வாழ்பவர் ஓரிரவு தடுமாறினால், அதை உடனே நோயோடு முடிச்சுப் போடுவது முறையன்று. ரக்பியின் யூனியன் பிரிவு 1995 ஆகஸ்டில்தான் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறையினர் வேறு வேலை பார்த்துக்கொண்டே நாட்டுக்காக ஆடியவர்கள். அவர்களில் பலருக்கு இத்தகைய உரைகள் ஒரு வருமானம். இப்படி எழுதுவதால் அவர்களுக்கு அழைப்பு குறைந்துவிடக் கூடாது.

பதிவு 3

இரண்டாம் பதிவை எழுதிய நண்பரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பது இவர்களைக் காப்பாற்றும் என்பதை நான் ஏற்கவில்லை. நான் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் ஸ்க்ரமை விளக்க என்னை மேடைக்கு அழைத்தார்கள். விருந்தினர் என் கழுத்தின் பின்புறம் கையை வைத்து லேசாக அழுத்தினார். அந்த ஒரு கையையே என்னால் தாங்க முடியவில்லை. எதிரணியின் எட்டுப் பேரும் நம் அணியின் எட்டுப் பேரும் தள்ளும் விசை, முன்வரிசையில் மோதும் தலைகளுக்கு நடுவே அல்லவா கூடுகிறது! போட்டிக்குப் போட்டி, பயிற்சிக்குப் பயிற்சி இது நடந்தது.

தலையில் தொடர்ந்து விழும் அடிகளால் வரும் மூளைச் சிதைவை, இறந்த பின் மூளைத் திசுவை ஆராய்ந்தே உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆகவே மேடையில் தடுமாறியவருக்கு நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ பார்வையாளர்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை. விழா நடத்துகிறவர்கள் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. தனி உரையாக வைக்காமல், அருகில் ஒருவரை அமர்த்தி உரையாடலாக நடத்துங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளைத் தவிருங்கள். மேடையேறும் முன் அமைதியாக அமர ஓர் அறை கொடுங்கள். பழைய ஆட்டத்தின் காணொளியைத் திரையிட்டுவிட்டு, “இந்தத் தருணம் நினைவிருக்கிறதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் தயவுசெய்து கேட்காதீர்கள். 2003 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் தாம்சன் லைன்-அவுட்டில் (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடரும் முறை) பின்கோடியில் நின்ற சக வீரர் லூயிஸ் மூடிக்கு நீளமாக எறிந்த பந்திலிருந்துதான், ஜானி வில்கின்சன் வலது காலால் அடித்த டிராப் கோலும் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 20–17 என்ற வெற்றியும் வந்தன. எறிந்தவருக்கே அது நினைவில்லாதபோது, அந்தக் கேள்வி எத்தனை கொடுமையானது என்று எண்ணிப்பாருங்கள்.

பதிவு 4 (முதல் பதிவை எழுதியவர்)

நோய் என்று நான் முடிவுகட்டவில்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். ஸ்க்ரமின் முன்வரிசையில் எங்கள் விருந்தினருக்குப் பக்கத்தில் தோள் கோத்து ஆடிய ப்ராப் வீரர், அன்று அவருடன் வந்து ஓரத்து மேசையில் அமர்ந்திருந்தார். நாங்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேடையிலிருந்தவர் தம்மைப் பார்க்கும்வரை காத்திருந்து, நான்கு விரல்களைக் காட்டினார். மேடையிலிருந்தவர் அட்டையில் நான்காவது வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.