புதுப்பிப்பு: மகளின் கரப்பானும் முட்டையும்

முட்டையை நிறுத்தினால் மகளின் கரப்பான், அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் அட்டோபிக் எக்ஸிமா, அடங்குமா என்று நுவரெலியாவில் இருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"முதலில் தோலைப் பாருங்கள், சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்" என்ற யோசனைதான் பலித்தது. குளித்த ஈரம் காயுமுன் வாசலின், சிவந்த இடத்தில் மட்டும் டொக்டர் தந்த ஸ்டீராய்டு களிம்பு. முட்டை தொடர்ந்தது, தோலும் ஆறிவிட்டது. தை மாதக் குளிர்காற்றுக்கு முழங்கை மடிப்பு மட்டும் கொஞ்சம் சிவக்கிறது.

எதிர்பாராதது: ஒவ்வாமை பார்க்கத் தோலில் செய்யும் ஊசிக்குத்துச் சோதனையில் முட்டைக்குத் தடிப்பு வந்தது. ஆனால் சாப்பிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் போயே உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்ளலாமாம். பழகிய உணவைச் சும்மா நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்றார் டொக்டர். மாமி இன்னும் நம்பவில்லை, அது வேறு. சாப்பிட்ட கையோடு வாந்தி, மூச்சிழுப்பு வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.