சொந்தச் சுருக்கெழுத்து: கை கொடுக்குமா, காலை வாருமா?

குன்னூர் விடியல்:
குரூப் 4 வகுப்புக்காகத் தினமும் ஊட்டிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். ஆசிரியர் பேசும் வேகத்துக்கு முழுச்சொல்லாக எழுதினால் பாதி தப்பிவிடுகிறது. அதனால் அரசியலமைப்புக்கு ‘அ.அ.’, காரணத்திலிருந்து விளைவுக்கு அம்புக்குறி, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று வைத்துக்கொண்டேன். கடைசி இரண்டும் தாத்தாவின் நிலப்பத்திரத்தில் பார்த்தவை. ஜனவரிக் குளிரில் விரல் விறைக்கும்போது அருமை தெரியும். எல்லோரும் செய்துபாருங்கள்.

தேயிலைமேடு:
செய்து கெட்டவள் நான், தம்பி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நம் மாவட்டத்தின் ஆறு பழங்குடிகளையும் தோ, கோ, கு, இ, ப, கா என்று எழுதிவைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திருப்பினால் ‘கு 1899’ என்றிருக்கிறது. குறும்பருக்கு 1899இல் என்ன நடந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் வந்த ஆண்டு! அடுத்த பக்கத்தில் ‘கோ → கோ’. கோத்தர் வாழ்ந்ததால் கோத்தகிரி என்பதைத்தான் அத்தனை அழகாகச் சுருக்கியிருக்கிறேன். ஒரு மாலை முழுதும் போயிற்று.

ஓய்வுபெற்ற பேனா:
அம்மா, அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். பிட்மன் 1837இல் வெளியிட்ட முறையில் ஒரே கோடு மெலிந்தால் ஓர் ஒலி, தடித்தால் வேறொலி. வேகத்தில் உயிரொலிப் புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். அன்றைக்கே தட்டச்சு செய்துவிடுவோம் என்ற தைரியந்தான். நாலு நாள் கிடந்தால் என் கோடு எனக்கே புரியாது. சுருக்கியது தவறில்லை, மூன்று மாதம் ஊறப்போட்டதுதான் தவறு.

தேயிலைமேடு:
அன்றிரவே விரித்தெழுத வேண்டும் என்றால் இரண்டு முறை எழுதுகிறோம், ஐயா. இதில் மிச்சம் என்ன? மெதுவாக எழுதுகிறவர்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசிப்பார். மடிக்கணினியில் சொன்னதைச் சொன்னபடி தட்டியவர்கள் கருத்துக் கேள்விகளில் பின்தங்கியதாக 2014இல் மியூல்லர், ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர்களின் ஆய்வே வந்திருக்கிறது.

குன்னூர் விடியல்:
அக்கா, பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. மேலும் அவர்கள் தட்டியது முழு வாக்கியம். நான் அம்புக்குறி போட வேண்டுமானால் எது காரணம், எது விளைவு என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். இரண்டாம் முறை எழுதுவதும் வீணில்லை, அதுதான் என் மறுபடிப்பு. அருவங்காட்டில் பஸ் நெரிசலில் நிற்கும்போது அதையாவது செய்கிறேன். ஆனால் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் நான் சுருக்குவதே இல்லை.

தேயிலைமேடு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ௸ நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அம்புக்குறி வேண்டாம், அதன்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.