ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் போட்டால் 4 நிமிடத்தில் வீடியோ நின்றுவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரே விலானில் (ஸ்விட்சுகளில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) 3 ஸ்விட்சுகள், மல்டிகாஸ்ட்டில் (ஒரே வீடியோவைக் கேட்கும் குரூப்புக்கு மொத்தமாக அனுப்பும் முறை) அனுப்பும் கேமராக்கள். ரவுட்டர் இந்த விலானில் இல்லை.

ஸ்னூப்பிங்கை (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்ட்டை விடும் ஸ்விட்ச் வசதி) அணைத்தால் படம் தடையில்லாமல் வருகிறது. ஆனால் எல்லா போர்ட்டிலும் டிராஃபிக் வெள்ளமாகப் பாய்ந்து, 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் உள்ள பிரிண்டர்கள் திணறிப்போகின்றன. ஸ்னூப்பிங் போட்டதும் நெரிசல் அடங்கிவிடும், அப்புறம் சரியாக 4 நிமிடம் 20 நொடியில் படம் உறைந்துவிடும். வீடியோவை மூடித் திறந்தால் மறுபடி வரும்.

இந்த 260 நொடிதான் எனக்குத் துப்பு கொடுத்தது. குரூப் உறுப்பினர் காலாவதிக்கான இயல்பு நேரம் அதுதானே (குவரி இடைவெளி 125×2 + பதிலுக்கு 10). யாருக்கு வீடியோ வேண்டும் என்று அவ்வப்போது கேள்வி (குவரி) கேட்க குவரியர் இல்லை என்று புரிந்து, நடு ஸ்விட்சில் அதைப் போட்டேன். இரண்டு ஸ்விட்சுகளில் சரியாகிவிட்டது. மூன்றாவதில் மட்டும் பழைய கதைதான். அங்கே வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) பார்த்தால் குவரி வருகிறது, ஆனால் அனுப்புநர் முகவரி 0.0.0.0. நடு ஸ்விட்சுக்கு அந்த விலானில் ஐபி கொடுக்கவில்லை.

0.0.0.0 குவரியை வைத்து மூன்றாவது ஸ்விட்ச் தன் எம்ரவுட்டர் போர்ட்டை (குவரியர் இருக்கும் பக்கத்து போர்ட்) கற்றுக்கொள்வதில்லை என்று சந்தேகிக்கிறேன். ஐபி கொடுத்தால் போதுமா, இல்லை எம்ரவுட்டர் போர்ட்டை நிலையாக எழுதிவிடுவது நல்லதா? வேலை நேரத்தில் சோதிக்க முடியாது. இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.