புதுப்பிப்பு: டிவி உரிமம் கேட்டு ஆள் வந்தார், போனார்

லண்டனில் நாங்கள் நேரலை டிவி பார்ப்பதில்லை. ஆனாலும் டிவி உரிமம் (நேரலை டிவி பார்க்க இங்கே கட்டணம் கட்டி எடுக்க வேண்டிய அனுமதி) எடுக்கச் சொல்லி சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வருகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். போன வாரம் உரிம அலுவலகத்திலிருந்து ஆளே வந்துவிட்டார்.

வாசலிலேயே நின்று பேசினேன். "உரிமம் தேவையில்லை, உள்ளே விட விருப்பமில்லை" என்றேன். பெயர் கேட்டார், சொல்லவில்லை. சரி என்று போய்விட்டார். நீதிமன்றத்தின் சோதனை ஆணை இல்லாமல் அவர்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கட்டாயமும் நமக்கு இல்லை. ஆனால் வருகிறவரிடம் கத்தாதீர்கள், பாவம், அவருக்கும் அது வேலைதான்.

அப்புறம், உரிமம் தேவையில்லை என்று இணையத்தில் பதிந்துவிட்டேன். இது சட்டப்படி கட்டாயமில்லை. பதிந்தால் பொதுவாக 2 வருடம் கடிதத் தொல்லை குறையும்.

டிவி பெட்டி இருந்தாலே கட்ட வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. எந்தச் சேனலாக இருந்தாலும் ஒளிபரப்பாகும்போதே பார்த்தாலோ பதிவு செய்தாலோதான் உரிமம் வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயருக்கும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் பழைய படம் பார்க்க உரிமம் தேவையில்லை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தமிழ்ச் சேனலை ஆப்பில், போனிலேயே நேரலையாகப் பார்த்தாலும் உரிமம் தேவை. அம்மா ஊரிலிருந்து வந்து சீரியல் கேட்டால், அந்த எபிசோடை மறுநாள் ஆப்பில் போட்டுக் கொடுங்கள். இங்கிலாந்தில் அபராதம் 1000 பவுண்ட் வரை போகலாம்.