தமிழ்நாடு வரைபடம் அறிக்கைக்கு: எந்தப் புரொஜெக்‌ஷன்? பரப்பளவு 4 விழுக்காடு கூடி வருகிறது

வரைமேசை (கேள்வி)

ஒரு சுற்றுச்சூழல் அறிக்கைக்காக கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மூன்று படங்கள் போட வேண்டும். உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்கு மாற்றும் முறையை, அதாவது புரொஜெக்‌ஷனை, எப்படித் தேர்வது என்பதுதான் சிக்கல். தமிழ்நாடு முழுவதற்கும் மாவட்டவாரியாக நிறம் தீட்டிய படம் ஒன்று, அதோடு பரப்பளவு அட்டவணை. எண்ணூரில் ஓர் இடத்தைச் சுற்றி 10 கி.மீ. ஆய்வு வட்டம் ஒன்று, அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். மூலையில் வைக்க சிறிய இந்தியப் படம் ஒன்று. எல்லாம் ஏ4 வேர்டு கோப்புக்குள் போய் கடைசியில் பிடிஎஃப் ஆகும்.

முதலில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் லேயரைச் சேர்த்ததால் ப்ராஜெக்ட் தானாகவே இபிஎஸ்ஜி 3857, அதாவது வெப் மெர்கேட்டர், ஆகிவிட்டது (இபிஎஸ்ஜி என்பது ஆய முறைகளுக்கான எண் பட்டியல்). மாவட்ட லேயரையும் 3857-க்கு மாற்றிச் சேமித்தேன். இப்போது மாவட்டங்களைக் கூட்டினால் சுமார் 1,35,800 ச.கி.மீ. வருகிறது; மாநிலத்தின் பரப்பு 1,30,060. 4326-இல் (வெறும் அட்ச, தீர்க்க டிகிரி) வைத்தால் பரப்பு சதுர டிகிரியில் வருகிறது, படமும் பக்கவாட்டில் இழுத்த மாதிரி தெரிகிறது. உலகை 6° அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம்-க்குப் போகலாம் என்றால் 78° கிழக்கு தீர்க்கரேகை மாநிலத்தை இரண்டாகப் பிளக்கிறது: கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-ஆம் மண்டலம், சேலம், மதுரை, சென்னை 44-ஆம் மண்டலம். திண்டுக்கல் கிட்டத்தட்ட கோட்டின் மேலேயே இருக்கிறது.

மூன்று படத்துக்கும் பொருந்துகிற ஒரே புரொஜெக்‌ஷன் உண்டா? இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் எது?

சங்கிலிக்காரர்

ஒரே புரொஜெக்‌ஷன் கிடையாது, தேடவும் வேண்டாம். அளப்பதையும் வரைவதையும் முதலில் பிரித்துவிடுங்கள். பரப்பு, தூரம் எல்லாம் நீள்வட்டக் கோளத்தின் (துருவங்களில் சற்றுத் தட்டையான பூமி வடிவம்) மேல் கணக்காகட்டும். புரொஜெக்‌ஷன் படம் பார்வைக்குச் சரியாக அமைவதற்கு மட்டும்.

அந்த 4 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வெப் மெர்கேட்டரில் நிலநடுக்கோட்டைவிட்டு விலக விலக நீளம், அட்சரேகையின் கொசைன் மதிப்பால் வகுத்த அளவுக்குப் பெருகும். 11° வடக்கில் அது 1.0187. பரப்புக்கு இருமடி எடுத்தால் 1.038. ஆனால் உங்கள் கணக்கில் 4.4 விழுக்காடு கூடியிருக்கிறது. மீதி 0.6 ஏன் என்றால், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டக் கோளத்தில் எடுத்த அட்சரேகையை இந்தப் புரொஜெக்‌ஷன் முழு உருண்டைக்கான சூத்திரத்தில் போடுகிறது. அதனால் நம் பக்கத்தில் வடக்கு தெற்கு நீளம் கிழக்கு மேற்கைவிட 0.6 விழுக்காடு கூடுதலாக நீளும். உலகத்தைச் சதுரமாக்கி, 85.05 டிகிரியில் வெட்டி, டைல்களாக (சிறு சதுரப் படத்துண்டுகளாக) அடுக்க வசதியான ஏற்பாடு அது, அளப்பதற்கு ஆனதல்ல.

பரப்பளவு அட்டவணைக்கு: ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் எலிப்சாய்டு என்ற இடம் இருக்கும். அது ‘நன்’ என்று இருந்தால் டபிள்யூஜிஎஸ் 84 ஆக்குங்கள், பரப்பு அலகைச் சதுர கிலோமீட்டர் ஆக்குங்கள். பிறகு ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு தொடங்கும் ஏரியாவைப் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஜியாமெட்ரியைக் கேட்கிற இன்னொரு ஏரியா ஃபங்ஷன் லேயரின் சொந்தத் தளத்திலேயே அளக்கும். உங்கள் 1,35,800 அதிலிருந்து வந்ததுதான், சதுர டிகிரியும் அதனால்தான். டாலர் ஏரியாவுக்கு லேயர் எந்த சிஆர்எஸ்ஸில் (ஆய முறையில்) இருந்தாலும் விடை ஒன்றே.

படத்துக்கு: இபிஎஸ்ஜி 7785. டபிள்யூஜிஎஸ் 84-இல் தமிழ்நாட்டுக்கென்றே உள்ள டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் இது. அதன் நடுக்கோடு (மையமாகக் கொள்ளும் தீர்க்கரேகை) மாநிலத்துக்கு நடுவில் ஓடும். கூடலூர்ப் பக்க மேற்கு விளிம்பிலும் நீளப் பிழை 0.05 விழுக்காட்டைச் சுற்றித்தான். இந்த அளவுக்குள் இருப்பதால் நிறம் தீட்டிய மாவட்டப் படத்துக்குத் தனியாகச் சம பரப்புப் புரொஜெக்‌ஷன் தேவைப்படாது.

மாநிலம் தெற்கு வடக்காக ஏறத்தாழ 607 கி.மீ., கிழக்கு மேற்காக 450 கி.மீ. 1:30,00,000 என்று வைத்தால் 150 மி.மீ. அகலம், 202 மி.மீ. உயரம். ஏ4-இல் ஓரம் 25 மி.மீ. விட்டால் 160 மி.மீ. மிஞ்சும்; அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. லேயரை மாற்றும்போது ‘செட் லேயர் சிஆர்எஸ்’ஸைத் தொடாதீர்கள். அது ஆயங்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். தமிழ்நாடு கடலில் எங்கோ போய் விழும். வேண்டியது ‘ரீப்ராஜெக்ட் லேயர்’. படத்துக்கு மட்டும் என்றால் அதுவும் வேண்டாம், ப்ராஜெக்ட் சிஆர்எஸ்ஸை 7785 ஆக்கினால் எல்லா லேயரும் காட்டும்போதே மாறிக்கொள்ளும்.

வடமுனை

வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், அறிக்கையில் கேள்வி வரப்போவது அங்கேதான்.

எண்ணூர் 13.2° வடக்கில். 3857-இல் 10,000 மீட்டர் பஃபர் (புள்ளியைச் சுற்றிய தூர எல்லை) போட்டால் திரையில் அழகான வட்டம் தெரியும். தரையில் அது கிழக்கு மேற்காக 9.74 கி.மீ., வடக்கு தெற்காக 9.68 கி.மீ. ஆரம் கொண்ட நீள்வட்டம். பரப்பு 314-க்குப் பதில் 296 ச.கி.மீ. சுற்றிலும் முன்னூறு மீட்டர் அகலப் பட்டை விடுபட்டுப் போகிறது. அந்தப் பட்டைக்குள் ஒரு குளமோ குடியிருப்போ இருந்தால் அது ஆய்வு எல்லைக்கு வெளியே என்று எழுதிவிடுவீர்கள்.

இடப்புள்ளியை இபிஎஸ்ஜி 32644-க்கு (யுடிஎம் 44-ஆம் மண்டலம்) ரீப்ராஜெக்ட் செய்து அங்கே பஃபர் போடுங்கள். எண்ணூர் 81° நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் 10 கி.மீ.க்குப் பிழை 3 மீட்டர்தான்.

இதோடு விட்டுவிட்டால் இன்னொரு குழி காத்திருக்கிறது. பஃபர் கருவியில் ‘செக்மென்ட்ஸ்’ என்ற இடத்தில் 5 என்று இருக்கும். கால் வட்டத்துக்கு 5 துண்டு, ஆக மொத்தம் 20 பக்கமுள்ள பலகோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் மையத்திலிருந்து 9.877 கி.மீ.யில் இருக்கும், அதாவது 123 மீட்டர் உள்ளே. பரப்பு 309 ச.கி.மீ. புரொஜெக்‌ஷனைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மூன்று மீட்டருக்குள் கொண்டுவந்த துல்லியம் இந்த ஒரு எண்ணால் வீணாகும். 50 என்று போடுங்கள், 314.1 வரும்.

பின்னணி டைல்கள் பற்றி: அவை 3857-இல் வரைந்தே வருகிற படங்கள். வேறு புரொஜெக்‌ஷனில் காட்டும்போது படப்புள்ளிகள் மறுபடி கலக்கப்படும், ஊர்ப்பெயர்கள் மங்கும், லேசாகச் சாயும். 300 டிபிஐ-யில் ஏற்றுமதி செய்தால் இன்னொன்றும் நடக்கும்: மென்பொருள் இன்னும் நுணுக்கமான ஜூம் டைல்களை இழுக்கும், எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் ப்ராஜெக்ட்டை 3857-இலேயே வைத்து, 32644-இல் செய்த வட்டத்தை அதன் மேல் போடுவது நல்லது. 20 கி.மீ. அகலப் படத்தில் உருவம் கெடாது. அளவுக் கோட்டை மட்டும் லேஅவுட் (அச்சுப் பக்க அமைப்பு) நீள்வட்டக் கோளத்தில் கணக்கிடுகிறதா என்று தெரிந்த ஒரு தூரத்தை அளந்து பாருங்கள். விகிதமாக ‘1:50,000’ என்று எழுதாதீர்கள். 3857-இல் அந்த எண் இங்கே உண்மையில் சுமார் 1:48,700.

யாழ்வரைஞர்

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு, வடக்கு மாகாணத்துக்கு இதே வேலை செய்பவர்களுக்கு உதவும். நாங்கள் பள்ளியில் எறியம் என்று படித்தது புரொஜெக்‌ஷனைத்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் கோட்டுச்சட்டம் என்பார்கள், தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கோ.

இலங்கை முழுவதும் யுடிஎம் 44-க்குள் அடங்கும், பிளவுச் சிக்கல் இல்லை. உள்நாட்டுத் தரவோடு சேர்க்க வேண்டுமென்றால் இபிஎஸ்ஜி 5235. ஆனால் அது டபிள்யூஜிஎஸ் 84 அல்ல, எவரெஸ்ட் நீள்வட்டக் கோளத்தில் அமைந்தது. பழைய இந்திய டோப்போ தாள்களுக்கும் (நிலத்தோற்ற வரைபடங்கள்) இதே கதை: எவரெஸ்ட் கோளம், பாலிகோனிக் புரொஜெக்‌ஷன். டேட்டம் (ஆயங்களைப் பூமியோடு பொருத்தும் அடிப்படை) மாற்றத்தைச் சொல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். 1:50,000 தாளில் 1 மி.மீ. என்பது 50 மீட்டர், ஆக விலகல் கண்ணுக்கே தெரியும். அதைப் புரொஜெக்‌ஷன் பிழை என்று நினைத்துக் கையால் இழுத்துப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஓரிடத்தில் பொருந்தும், மற்ற இடத்தில் பிசகும்.

வரைமேசை

மிக்க நன்றி. 50 துண்டு போட்டதும் 314.1 வந்துவிட்டது. டாலர் ஏரியாவில் கூட்டுத்தொகையும் ஒழுங்காகிவிட்டது.

இரண்டு சந்தேகம். மற்ற குழுக்கள் தருகிற லேயர்கள் எல்லாம் 32644-இல் இருக்கின்றன. தமிழ்நாடு படத்தையும் அதிலேயே போட்டுவிட்டால் தப்பா? இந்தியப் படத்துக்கு என்ன போடுவது?

சங்கிலிக்காரர்

போடலாம். மண்டலத்தைத் தாண்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயம் அளவுக்கு மீறியது. 44-இன் நடுக்கோடு 81°. மாநிலத்தின் மேற்கு ஓரம் அதிலிருந்து 4.8° தள்ளி. அங்கே நீளம் 0.29 விழுக்காடு கூடும். 150 மி.மீ. அகலப் படம் முழுவதும் அந்த அளவுக்கு நீண்டாலும் 0.44 மி.மீ.தான், மாவட்ட எல்லைக்கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். தளத்தில் பரப்பு அளந்தால் மேற்கு மாவட்டங்களில் 0.6 விழுக்காடு வரை கூடும். அட்டவணையை நீள்வட்டக் கோளத்தில் செய்வதால் அதுவும் உங்களைத் தொடாது. செய்யக் கூடாதது, மேற்குப் பாதியை 43-இலும் கிழக்குப் பாதியை 44-இலும் செய்து ஒட்டுவது. 78°-இல் இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கும், ஒட்டவே ஒட்டாது.

இந்தியாவுக்கு 3857 கூடவே கூடாது. லே பக்கத்தில் ஒரு சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரியில் ஒரு சதுர கிலோமீட்டரைவிட 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும். இபிஎஸ்ஜி 7755 நாட்டுக்கென்று உள்ள லாம்பெர்ட் கூம்புப் புரொஜெக்‌ஷன். உருவத்தைக் காக்கும், பரப்பைக் காக்காது: நீளம் மாறாத இரண்டு திட்ட அட்சரேகைகளுக்கு நடுவில், மத்தியப் பிரதேசப் பக்கம், நீளம் சுமார் 2 விழுக்காடு சுருங்கும். இடம் காட்ட மட்டும் என்றால் அதுவே போதும். மாநிலங்களுக்கு நிறம் தீட்டி ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் ஆல்பர்ஸ் சம பரப்புக் கூம்பை கஸ்டம் ப்ரொஜெக்‌ஷனில் நீங்களே எழுதுங்கள்: திட்ட அட்சரேகைகள் 13°, 32°, நடுக்கோடு 82.5°. தெற்கு வடக்கு வீச்சில் ஆறில் ஒரு பங்கை இரு முனையிலிருந்தும் உள்ளே தள்ளிக் கிடைத்தவை இவை.

கூம்பில் ஒரே வடக்கு அம்பு வைக்காதீர்கள். நடுவில் செங்குத்தாக இருக்கும் வடக்கு, குஜராத்தின் மேற்கு முனையில் 5° போலச் சாய்ந்திருக்கும். அம்புக்குப் பதில் 5°-க்கு ஒன்றாக அட்ச, தீர்க்கக் கோடுகளை மெல்லிய சாம்பலில் போடுங்கள். லேஅவுட்டில் கிரிட் சிஆர்எஸ்ஸை 4326 ஆக்கினால் அவை வளைந்து சரியாக விழும். இந்த அகலத்துக்கு அளவுக் கோடும் வேண்டாம். மென்பொருள் ஏதோ ஒரு கிடைக்கோட்டில் அளந்துதான் அதை வரைகிறது, மற்ற அட்சரேகைகளுக்கு அது பொருந்தாது.

அச்சுக்கோப்பு

வேர்டுக்குள் போனபின் கெடுவதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு படத்தில் ‘1:30,00,000’ என்று எழுத்தில் இருந்தால், யாராவது படத்தின் மூலையைப் பிடித்து இழுத்த நொடியில் அது பொய். ஏ4-ஐ ஏ5-இல் அச்சிட்டால் 1:42 லட்சம் ஆகிவிடும். அளவுக் கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும், அதனால் அதை மட்டும் வையுங்கள்.

லேஅவுட் பக்கத்தையே 160 மி.மீ. அகலத்தில் அமைத்து 300 டிபிஐ-யில் பிஎன்ஜி எடுத்தால் 1890 படப்புள்ளி வரும். வேர்டில் 100 விழுக்காட்டில் செருகுங்கள். அதற்கு முன் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் படங்களைச் சுருக்காதே என்ற தேர்வை இடுங்கள். இல்லாவிட்டால் சேமிக்கும்போது 220-க்கு இறக்கிவிடக்கூடும், 7 புள்ளி தமிழ் எழுத்தில் மெய்ப்புள்ளியும் சுழியும் காணாமல் போகும். 8 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள்.

படத்தின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர், இபிஎஸ்ஜி 7785, டபிள்யூஜிஎஸ் 84, பரப்பளவு நீள்வட்டக் கோளத்தில் கணக்கிட்டது.’ வட்டப் படத்தில் ‘வட்டம் இபிஎஸ்ஜி 32644-இல் வரைந்தது’ என்று சேருங்கள். ஷேப் கோப்பைக் கொடுக்கும்போது எந்த ஆய முறை என்று சொல்லும் அதன் பிஆர்ஜே கோப்பும் உள்ளே இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் போனால் சரிபார்ப்பவர் மறுபடி 3857 என்று ஊகித்துத் திறப்பார்.

வரைமேசை

மாவட்டப் படம் 7785, வட்டம் 32644-இல் செய்து 3857 மேல், இந்தியா ஆல்பர்ஸ். அடிவரியை மூன்றிலும் சேர்த்துவிட்டேன். ஆல்பர்ஸின் பிஆர்ஜே-வை வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தேன், அதே இடத்தில் விழுகிறது.